கோழித் தலை பார்த்த பக்கம்

சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஜின்ஜியாங்கில் வருடக் கடைசி விருந்துக்கு முழுக்கோழி வரும்போது பேச்சு தானாக அடங்கிவிடும். குடை தைப்பவர், செருப்பு ஒட்டுபவர் எல்லாருக்கும் காரணம் தெரியும். முதலாளி வைக்கும் விருந்தில் தட்டிலிருக்கும் கோழியின் தலை யார் பக்கம் பார்க்கிறதோ, அவருக்குப் புத்தாண்டுக்குப் பிறகு வேலை இல்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அவர் சாப்பிடுவார், கையைத் துடைத்துக்கொள்வார், முதலாளிக்காக ஒரு கோப்பையை உயர்த்துவார், விடுமுறைக்கு ஊருக்குப் போவார், திரும்பி வரமாட்டார். இதை மரியாதை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். நான் இதைக் கோழைத்தனம் என்பேன். ஆனால் அப்படிச் சொல்ல இப்போது எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வழக்கம் பழசாகி வெறும் விளையாட்டாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். இந்தக் காலத்து முதலாளிகள் கோழித் தலையைச் சிறகுக்குள் செருகிவைக்கச் சொல்வார்கள், அல்லது வெட்டி எடுத்துவிட்டே பரிமாறுவார்கள். முதலாளியான என் கணவர் பிங்குன் ஒவ்வொரு வருடமும் தலையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, "என்னை வேலைய விட்டுத் தூக்க ஒரே ஒருத்தியாலதான் முடியும், அவ இந்தா பக்கத்துல உக்காந்திருக்கா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அந்த ஒரே நகைச்சுவையை வைத்துக்கொண்டு மனுஷர் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

எங்களுடையது கடற்கரைக் குடை செய்யும் சின்னத் தொழிற்சாலை. மணலில் குத்திவைத்து அடியில் படுத்துக்கொள்கிற பெரிய குடை. எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது, ஆனால் வெயிலில் போய் மணலில் படுக்கிற புத்தி எங்களுக்கு வந்ததில்லை. செய்த குடைகளில் முக்கால்வாசியை அமெரிக்காவில் ஒரே ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளவே அலுவலகத்தில் தனியாக ஒரு மேஜை இருந்தது. அமெரிக்கா மேஜை என்போம். அதில் உட்கார்ந்திருந்தவள் சுன்யான்.

சுன்யான் கடலைவிட்டு வெகு தூரம் உள்ளே இருக்கும் குய்சோவ் மாகாணத்து மலைப்பக்கத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில் அவள் பேசுவது எங்களுக்குப் பாதிதான் புரியும், நாங்கள் பேசுவது அவளுக்கு அதுவும் புரியாது. ஆனால் அமெரிக்காக்காரனிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள். அவன் எங்கள் தொழிற்சாலையின் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, அவளைத்தான் கூப்பிடுவான். இடையில் ஒருமுறை கம்போடியாவில் மலிவாகக் கிடைக்கிறதென்று கிளம்பப் பார்த்தவனைப் பேசிப் பேசியே இழுத்துப்பிடித்தவள் அவள். நாங்கள் மாடிவீடு கட்டியது அதற்குப் பிறகுதான்.

போன வசந்த காலத்தில் அமெரிக்காவில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். பிறகு மறுபடி ஏற்றினார்கள். பிறகு குறைத்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காக்காரன் முதலில் விலையைக் குறை என்றான், பிறகு பொறு என்றான், பிறகு மன்னித்துக்கொள் என்றான். தைத்து முடித்த குடைகள் டாலர் விலைச்சீட்டு தொங்கத் தொங்கக் கிடங்கில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அந்த விலைச்சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உள்நாட்டில் விற்றுவிடலாம் என்று கிளம்பினான் என் தம்பி ஜியாஷுன். அவனும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கைபேசியை ஒரு கம்பியில் மாட்டி, குடையை விரித்து, அதன் கீழே ஒரு சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு நேரலையில் விற்பனை செய்தான்.

"கடலே இல்லாத ஊர்க்காரங்க கேக்கறாங்கக்கா, இதைக் காய்கறிக் கடைக்கு மேல விரிக்கலாமான்னு" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"விரிக்கலாம், ஆனா நடுவுல கம்பு வரும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஒருத்தர் வாங்கினாரு. அப்புறம் திருப்பி அனுப்பிட்டாரு."

இவன் இப்படிப் படுத்துக்கிடந்த அதே மாதங்களில் சுன்யான் தன் மேஜையில் உட்கார்ந்து துபாய்க்கும் சிலிக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். மாதிரிக் குடைகள் அனுப்பினாள். மொராக்கோவிலிருந்து ஒருவன் ஆசையாகப் பதில் போட்டிருந்தான். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் காய்ச்சுப் பழுக்க ரெண்டு வருஷம் ஆகும்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் சந்திர வருடத்தின் கடைசி மாதமான பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் ஒருநாள் மதியம் தேநீர் ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார். "ஆபீஸ்ல ஒரு ஆளக் குறைச்சாகணும்."

அலுவலகத்தில் குறைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். சுன்யானும் என் தம்பியும். எது நியாயம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சுன்யானின் பெயரை என் வாயால் எடுக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் ஆளைக் காட்டிக்கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. அமெரிக்காவே இல்ல, அமெரிக்கா மேஜை எதுக்கு."

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"நானா? அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"வேணாம். விருந்து வருதில்ல. எங்கப்பா காலத்துல எல்லாம் அப்படித்தான். கோழி பாத்துக்கும்."

நான் அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். சாதாரணமாக நான் அவரை விடுகிற ஆளில்லை. காய்கறிக்காரியிலிருந்து வரி அதிகாரிவரை என் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் நான் வாயைத் திறந்தால் அடுத்து தம்பியின் பெயர்தான் வரும். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

மண் தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, சாமிக்கென்று அச்சடித்த காகிதப் பணத்தை எரித்து முடித்ததும் துணி வெட்டும் கூடத்திலேயே விருந்து. மற்ற வருடங்களில் உணவகத்துக்குப் போவோம். குலுக்கலில் தொலைக்காட்சிப் பெட்டி விழும். இந்த வருடம் குலுக்கலில் யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் குடைதான். தையல் மாஸ்டர் ஹுவாங்குக்கு மட்டும் இரண்டு விழுந்தது. "எனக்கும் என் பொண்டாட்டிக்கும் தனித்தனியா படுக்க ஏற்பாடு பண்ணிட்டாரு முதலாளி" என்றார். கூடமே சிரித்தது.

எங்கள் வட்ட மேஜையில் என் கணவர், நான், தம்பி, ஹுவாங் மாஸ்டர், சுன்யான், இன்னும் இரண்டு மூன்று பேர். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. சுன்யான் கைபேசியைத் தேநீர்க் குடுவைமேல் சாய்த்து வைத்து வீடியோவில் அவள் அம்மாவுக்கு விருந்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். இஞ்சி வாத்து, சிப்பி அடை என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அந்த அம்மா, "மிளகாயே இல்லாம எப்படிடி சாப்பிடறாங்க" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அப்போது கோழி வந்தது. சமையல்காரர் வைப்பதற்குள் என் கணவர் எழுந்து தட்டைத் தானே கையில் வாங்கினார். வீட்டில் ஒரு தண்ணீர்க் குவளையைக்கூட எடுத்து வைக்காத மனுஷர். தட்டை வைத்தார், கொஞ்சம் திருப்பினார், கண்ணாடி மறுபடி சுழன்றுவிடாமல் விளிம்பில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டார். கோழித் தலை நேராகச் சுன்யானைப் பார்த்தது.

ஹுவாங் மாஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவர் கழிப்பறைக்கு எழுந்து போனார். என் தம்பி தன் கிண்ணத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். அடுத்த மேஜைகளில்கூடச் சத்தம் குறைந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தவர்கள் பார்த்தவுடன் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த அமைதியில் கைபேசியிலிருந்துதான் குரல் வந்தது. "ஏண்டி, கோழித் தலை உன்னையில்ல பாக்குது."

என் கணவர் கண்ணாடி விளிம்பிலிருந்து கட்டைவிரலை எடுத்துக்கொண்டார்.

"முதலாளி கையால உன் பக்கம் திருப்பி வெச்சாரா? நான் பாத்தேன், அவரேதான் வெச்சாரு. ஏங்க, இங்க வாங்க. நம்ம பொண்ணுக்குத் தலைய வெச்சிருக்காங்க பாருங்க. பக்கத்து வீட்டுல இருக்காளா, அவளையும் வரச்சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் மலையில் கோழித் தலை பெரிய விருந்தாளிக்கு உரியது. சபையில் யாருக்கு மதிப்பு அதிகமோ அவர் பக்கம்தான் தலையைத் திருப்பி வைப்பார்கள். சின்னத் திரையில் முகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன. எங்கள் கூடத்தில் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை.

சுன்யான் கோழியைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுக் குச்சிகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் கோப்பையோடு எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க ஊர்ல இதுக்கு மேல மரியாதை கிடையாதுங்க முதலாளி. சின்னப் பொண்ணா இங்க வந்தேன். எல்லாம் நீங்களும் அண்ணியும் கத்துக்குடுத்ததுதான். நன்றிங்க" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தாள்.

கடைசி மேஜையில் இரண்டு மூன்று குய்சோவ் பையன்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவன் ஒருவனின் கையைப் பிடித்து நிறுத்துவதைப் பார்த்தேன்.

"முதலாளிகிட்ட போனைக் குடுடி" என்றார் அம்மா.

என் கணவர் வாங்கினார். வாங்காமல் என்ன செய்வார். அந்த அம்மா, என் மகள் கொஞ்சம் வாய்த்துடுக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள், பெற்றவர்கள் தூரத்தில் இருக்கிறோம், நீங்கள்தான் அவளுக்குத் தாய் தகப்பன் என்றெல்லாம் சொன்னார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவர் சொன்னார்: "உங்க பொண்ணு இல்லேன்னா இந்தத் தொழிற்சாலையே இல்லைங்கம்மா."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்து கைபேசி என்னிடம் வந்தது. அந்த அம்மா என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புத்தாண்டுக்குப் பன்றி அடித்துப் புகையில் தொங்கவிடுவார்களாம், எங்களுக்கு அனுப்புவாராம். "அதெல்லாம் எதுக்கும்மா" என்றேன். சுன்யான் உட்கார்ந்து கோழித் தலையைக் குச்சியால் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள். எங்கள் மேஜையில் வேறு யாரும் அந்தக் கோழியில் கை வைக்கவில்லை.

விருந்து முடிந்ததும் கிடங்கின் ஓரத்தில் என் கணவரைப் பிடித்தேன். "போய்ச் சொல்லுங்க."

"அவளுக்குப் புரியல."

"அதனாலதான் சொல்றேன். விடுமுறை முடிஞ்சு வந்து நின்னான்னா என்ன பண்ணுவீங்க?"

"அவங்கம்மாகிட்ட அப்படிப் பேசிட்டு இப்ப எந்த வாயால சொல்லுவேன்?" குடைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ சொல்லு. பொம்பளைக்குப் பொம்பளை."

"தட்டைத் திருப்பும்போது மட்டும் நீங்க ஆம்பளையாக்கும்" என்றேன். அந்தக் குத்தலில் பாதி எனக்கும்தான் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டாத அளவுக்கு நல்லவர்.

மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு சுன்யான் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிக்குப் போனேன். ரயில் நிலையத்தில் விடுகிறேன், வழியில் எப்படியாவது சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பு. கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒரு பெட்டியோடு போவார்கள். மெத்தை, சோறு வடிக்கும் மின்பானை, பிளாஸ்டிக் வாளி எல்லாம் இங்கேயே இருக்கும், திரும்பி வரப்போகிறோமே. சுன்யானின் கட்டிலில் வெறும் பலகை இருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டிருந்தாள். மின்பானை அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. சுவரில் ஆணிகளைக்கூடப் பிடுங்கிவிட்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எதுக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணி, பத்து வருஷத்துக்கு மேல உங்க ஊர்ல இருக்கேன்" என்றாள். "உங்க ஊர்க் கோழி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாதா?"

நான் கட்டில் பலகையில் உட்கார்ந்தேன்.

"அப்ப நேத்து?"

"எங்கம்மா பாத்துக்கிட்டிருந்தாங்க." வாளிக்குள் செருப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் புரிஞ்சுக்கறதுக்குள்ள அவங்க அப்பாவைக் கூப்பிட்டுட்டாங்க. ஊர்ல முப்பத்தஞ்சு வயசுல கல்யாணம் ஆகாம நிக்கற பொண்ணு அண்ணி நான். எங்கம்மா என்னை நெனச்சுத் தலை நிமிந்து நான் பாத்ததில்ல. நேத்து பக்கத்து வீட்டுக்காரியையே கூப்பிட்டுக் காட்டினாங்க. அப்புறம் நான் என்ன பண்றது? சிரிச்சேன்."

"அவரு வாயால சொல்லியிருக்கணும் சுன்யான்."

"ஆமா. சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அந்த மொராக்கோக்காரனோட கடிதத்தைத் தூக்கி அவர் மூஞ்சில எறிஞ்சிருப்பேன். அழுதிருப்பேன். நீங்களும் கூட அழுதிருப்பீங்க. அதோட ஆறிப்போயிருக்கும்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நீங்க யாரும் எனக்கு அதுக்குக்கூட இடம் குடுக்கல."

அந்த நேரத்தில் நான் ஒன்று சொல்லியிருக்கலாம். மெத்தையைப் பிரி, ஜியாஷுனை நான் அனுப்பிவிடுகிறேன், நீ இரு என்று. என் கணவர் மறுத்திருக்க மாட்டார். என் சொல்லுக்காகக் காத்திருந்த மனுஷர்தான் அவர். நான் எழுந்து, "பெட்டியைக் குடு, நான் தூக்கறேன்" என்றேன்.

காரில் போகும்போது அவளே பேசினாள். ஷென்ஜெனில் ஒரு தோழி இருக்கிறாள், விடுமுறை முடிந்ததும் அங்கே போய் வேலை தேடப்போகிறாள். "எல்லாரும் இப்ப ஆளைக் குறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. கொஞ்ச நாள் ஆகும்."

"ம்."

"ஒரு உதவி பண்ணுங்க அண்ணி. எங்கம்மாகிட்ட உங்க நம்பர் இருக்கு. கூப்பிட்டாங்கன்னா, நான் உங்ககிட்டதான் இருக்கேன்னு சொல்லுங்க. வேற வேலை கிடைக்கறவரைக்கும்தான்."

"சரி" என்றேன். அவள் கேட்ட ஒரே உதவி அது. பொய் சொல்வதுதான் உதவி என்றால் அதை எங்களைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நிலையத்தில் அவளைப் போல மெத்தையும் வாளியுமாகப் பலர் நின்றிருந்தார்கள். அவள் கையசைத்தாள். நான் காரைவிட்டு இறங்கவில்லை.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழா முடிந்து தொழிற்சாலை திறந்தோம். மொராக்கோக்காரன் ஒரு சின்ன ஆர்டர் போட்டிருந்தான். கடிதத்தின் மேலே அவள் பெயரைத்தான் போட்டு எழுதியிருந்தான். என் கணவர் அதை என்னிடம் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன். அமெரிக்கா மேஜையில் இப்போது என் தம்பி உட்கார்ந்துகொண்டு, கைபேசியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அவனுக்குப் பதில் அடிக்கிறான்.

அந்த வாரமே குய்சோவிலிருந்து பெட்டி வந்தது. புகையில் கறுத்த பன்றி இறைச்சி, மேலே காகிதத்தில் தனியாகச் சுற்றிய ஒரு பெரிய துண்டு, காய்ந்த மிளகாய் ஒரு பை. வாசனை வீடு முழுக்க நிறைந்தது. வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை, தூக்கிப்போடவும் மனமில்லை. ஆவியில் வேகவைத்து மதியச் சாப்பாட்டுக்கு வைத்தேன். தம்பியும் வந்து உட்கார்ந்தான். என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, பசியில்லை என்று எழுந்து போய்விட்டார்.

கைபேசி அடித்தது. சுன்யானின் அம்மா. வீடியோவை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"பெட்டி வந்துச்சாம்மா?"

"வந்துடுச்சும்மா. எதுக்கு இவ்வளவு."

"அதுல ஒரு விஷயம் சொல்லணும். மேல தனியா காகிதத்துல சுத்தி வெச்சிருக்கேன் பாருங்க, தொடைப்பக்கத்துத் துண்டு. அது சுன்யானுக்கு. சின்னதுலேருந்து அவ அதைத்தான் கேப்பா. அவகிட்ட சொன்னா வேணாம்பா, எல்லாருக்கும் குடுத்துடுவா. நீங்களே அவ கிண்ணத்துல போட்டுடுங்க."

எதிரில் என் தம்பி அந்தத் துண்டைத்தான் மென்றுகொண்டிருந்தான். தட்டிலேயே பெரிய துண்டு அதுதான்.

"போட்டுட்டேம்மா" என்றேன்.

"சாப்பிட்டாளா?"

தம்பி நிமிர்ந்து பார்த்து, யாரு என்று கண்ணால் கேட்டான். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"நல்லா சாப்பிட்டாம்மா" என்றேன்.